மனசு கேன்சரைக் குணமாக்குமா? படித்ததும் பார்த்ததும்

எங்க ஊர் பொதட்டூர்பேட்டையில் ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்தால், பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "மனசை மட்டும் விட்டுடாதே. மனசு திடமா இருந்தா கேன்சர் என்ன பண்ணும்?" நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில், திருத்தணி விபூதி, கூடவே இந்த வாக்கியம். வாட்ஸ்அப்பில் இதே சங்கதி இன்னும் பெரிய சைஸில் வரும். நல்லதையே நினைத்து நான்காம் கட்டப் புற்றை விரட்டியவர், மூச்சுப் பயிற்சியில் கட்டியைக் கரைத்தவர், இப்படி.

இதைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது ஒரு கேள்வியால். என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு எலும்பில் வந்துவிட்டது. விசைத்தறி ஓடுகிற எங்க தெருவில் கரண்ட் போனால்தான் மெதுவாகப் பேசுவது காதில் விழும். அப்படிக் கரண்ட் போன ஒரு மத்தியானம் கேட்டார்: "ஏம்ப்பா, நான் ராத்திரியெல்லாம் பயந்துகிட்டே கெடந்தேன் இல்ல, அதனாலதான் அது திரும்ப வந்துச்சா?"

"இல்ல பெரியம்மா" என்றேன். எதை வைத்து இல்லை என்கிறோம் என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பது பொழுதுபோக்கு. அந்த அளவுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படித்துப் பார்த்ததில் முதலில் புரிந்தது, நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது. மனநிலை நோயின் போக்கையே மாற்றுமா என்பது ஒரு கேள்வி. மனசுக்கும் உடம்புக்குமான பயிற்சிகள், அதாவது மூச்சு, யோகா, தளர்வு, நடை, பேச்சு இதெல்லாம், நோயோடு வாழ்கிறவருடைய நாட்களை மாற்றுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்றின் பதிலை எடுத்து மற்றதற்கு ஒட்டுவதால்தான் பெரியம்மா மாதிரி ஆட்கள் தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வியின் கதை சுவாரஸ்யமானது. 1979இல் லண்டனில் ஸ்டீவன் கிரீர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்று வந்த 69 பெண்கள். நோய் தெரிந்த மூன்று மாதம் கழித்து அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்து நான்கு வகையாகப் பிரித்தார்கள்: போராட்ட குணம், மறுப்பு, வந்தது வந்தபடி என்று ஏற்பது, நம்பிக்கை இழந்து துவள்வது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், போராடியவர்களும் மறுத்தவர்களும் நன்றாக இருந்தார்கள். மற்ற இரண்டு வகையினர் அந்த அளவுக்கு இல்லை. 'போராடினால் பிழைக்கலாம்' என்ற பேச்சுக்கு விஞ்ஞான முத்திரை கிடைத்த இடங்களில் இது முக்கியமானது. நாளிதழ்கள் விடுமா? இன்றைக்கும் கேன்சர் பற்றிய செய்தி என்றால் 'போராடி வென்றார்', 'போராடி மறைந்தார்' என்ற இரண்டு தலைப்புதான். (தோற்றவர் சரியாகப் போராடவில்லை என்று அதற்குள் ஒரு அர்த்தம் ஒளிந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று வைப்பதில்லை.)

அடுத்தது 1989. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல். மற்ற உறுப்புகளுக்குப் பரவிய மார்பகப் புற்று உள்ள 86 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு வாரா வாரம் கூடிப் பேசும் குழு ஒன்றை ஒரு வருஷம் நடத்தினார். பயம், சாவு, குடும்பம் எல்லாம் மனம் விட்டுப் பேசலாம். வலியைச் சமாளிக்க சுய ஹிப்னாஸிஸும் சொல்லித் தந்தார்கள். குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், இல்லாதவர்கள் 18.9 மாதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! இப்படி ஒரு மாத்திரை இருந்தால் கம்பெனிக்காரன் கோடி கோடியாகச் சம்பாதித்திருப்பான்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் ஒருமுறை நடந்தால் அதை நம்ப மாட்டோம். மறுபடி நடத்திக் காட்டு என்போம். இங்கேயும் அதைச் செய்தார்கள். கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் 235 பெண்களை வைத்து, அதே மாதிரிக் குழுவை நடத்திப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வந்தது: குழுவில் இருந்தவர்களுக்கு 17.9 மாதம், இல்லாதவர்களுக்கு 17.6 மாதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பீகலே 125 பெண்களை வைத்துத் தன் சோதனையைத் திரும்பச் செய்தார். 2007இல் வந்த அந்தக் கட்டுரையிலும் மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் கூடவில்லை. கிரீர் கதையும் இதே மாதிரிதான் போனது. 1999இல் மேகி வாட்சனோடு சேர்ந்து அவர் 578 பெண்களை ஆராய்ந்தபோது போராட்ட குணத்தால் எந்தப் பலனும் தெரியவில்லை. தான் சொன்னதைத் தானே பெரிய அளவில் சோதித்து, வராததை வரவில்லை என்று அச்சில் போட்ட இந்த இரண்டு பேர் மேலும் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இன்னொன்று. தலை, கழுத்துப் புற்று உள்ள 1,093 பேரை ஜேம்ஸ் காய்ன் குழு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டது. எல்லோரும் சிகிச்சைச் சோதனைகளில் இருந்தவர்கள் என்பதால் மருத்துவ விவரங்கள் ஒழுங்காக இருந்தன. அதில் 646 பேர் இறந்திருந்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா? இல்லை. கவலைதான் கேன்சரைக் கொண்டுவருகிறது என்பதற்கும் இதே கதிதான். ஐரோப்பாவில் 1,16,000 பேரின் வேலை அழுத்தத்தையும் அவர்களுக்கு வந்த புற்றுகளையும் வைத்து 2013இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. வாட்சனின் அந்த 1999 ஆய்வில் போராட்ட குணம் ஒன்றும் செய்யவில்லையே தவிர, ரொம்பவே நம்பிக்கை இழந்து துவண்டவர்களுக்கும் கடும் மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் முடிவு கொஞ்சம் மோசமாக இருந்தது. ஏன் என்பதற்குப் பல விளக்கம் இருக்கலாம். மனச்சோர்வில் இருப்பவர் சாப்பிட மாட்டார், அடுத்த கீமோ தேதியைத் தள்ளிப் போடுவார், மாத்திரையை விட்டுவிடுவார். அதனால் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நான் இதைப் படிக்கிறேன். 'தைரியமா இரு' என்று சொல்வது அந்த வைத்தியம் ஆகாது. சர்க்கரை உள்ளவரிடம் 'சர்க்கரையைக் குறைச்சுக்கோ' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது மாதிரிதான் அது.

ஆக, ராத்திரி பயந்ததால் கேன்சர் திரும்பி வராது. சிரித்துக்கொண்டே இருந்தாலும், வரவேண்டியிருந்தால் வரும். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பெரியம்மாவிடம் நிதானமாகச் சொன்னபோது அவர் சொன்னது, "அப்ப அழலாமா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கீமோ எடுத்தவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு தடவை மருந்து ஏற்றிய பிறகு வாந்தி. மூன்றாவது தடவை, மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே வாந்தி. எங்க ஊர்க்காரர்கள் பெரும்பாலும் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறுக்கோ, வேலூருக்கோ, பக்கத்தில் என்று திருப்பதிக்கோ போவார்கள். எங்கே போனாலும் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். ஆஸ்பத்திரி போகிற வழியில் ஒரு குறிப்பிட்ட திருப்பம் வந்ததுமே குமட்ட ஆரம்பிக்கும் என்பார் பெரியம்மா. ஸ்பிரிட் வாசனை வேண்டாம், நர்ஸ் போட்டிருக்கிற சேலையின் நிறம் போதும். வீட்டில் "எல்லாம் மன பிரமை" என்றார்கள்.

பிரமை இல்லை. பள்ளியில் படித்த பாவ்லோவின் நாய்தான். மணி அடித்ததும் சோறு வரும் என்று பழகிய நாய்க்கு, பிறகு மணி அடித்தாலே எச்சில் ஊறும். மூளை இங்கே ஆஸ்பத்திரி, வாசனை, அந்தத் திருப்பம் எல்லாவற்றையும் மருந்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. வாந்தி நிஜமான வாந்தி. தூண்டியது மட்டும் மருந்து அல்ல, நினைவு. வாந்தி மாத்திரைகள் முதல் வகை வாந்திக்கு நன்றாகக் கேட்கும், இந்த இரண்டாவது வகைக்கு அவ்வளவாகக் கேட்காது. கற்றுக்கொண்டதால் வந்ததை, வேறொன்றைக் கற்றுக்கொண்டுதான் அழிக்க முடியும். 1982இல் அமெரிக்காவில் கேரி மாரோ என்பவர் இந்தத் தொந்தரவு இருந்த 60 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடம்பைத் தளர்த்தப் பழக்கினார். தளர்ந்த நிலையில் ஆஸ்பத்திரிக் காட்சிகளைப் படிப்படியாக மனசில் கொண்டுவரச் செய்தார். அவர்களுக்கு அந்தக் குமட்டல் தெளிவாகக் குறைந்தது. வெறுமனே ஆறுதலாகப் பேசியவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை.

நம் பக்கத்திலும் செய்திருக்கிறார்கள். பெங்களூரில் விவேகானந்தா யோகா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அங்குள்ள புற்றுநோய் மருத்துவர்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. கீமோ எடுக்கும் 62 மார்பகப் புற்று நோயாளிகளில் 28 பேருக்கு யோகா, 34 பேருக்கு ஆறுதல் பேச்சும் ஆலோசனையும். யோகா செய்தவர்களுக்குக் கீமோவுக்குப் பிந்தைய குமட்டலும் குறைந்தது, முன்கூட்டியே வரும் குமட்டலின் கடுமையும் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் 25 வருஷம் முன்பு அமெரிக்காவில் கண்டதோடு பொருந்திப் போகிறது. 'மனசும் உடம்பும்' என்று பேசும்போது மாயமாக எதையோ சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள். வயிற்றைக் குமட்ட வைக்கிற நரம்பு வழியில் மனசு உட்கார்ந்திருக்கிறது. அங்கே கை வைத்தால் பலன் தெரிகிறது. கட்டியில் இருக்கும் செல் பிரிந்து பெருகுவதற்கு அந்த வழி தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

அடுத்தது அசதி. கேன்சர் அசதி என்பது ராத்திரி ஷிஃப்ட் பார்த்த அசதி மாதிரி இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. நம் வீடுகளில் அன்பு காட்டுகிற முறையே, நோயாளியை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடாமல் கட்டிலில் உட்கார வைப்பது. ஆராய்ச்சி சொல்வது நேர் எதிர். 2017இல் 113 சோதனைகளையும் அவற்றிலிருந்த 11,525 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், அசதிக்கு உடற்பயிற்சியும் மனப் பயிற்சியும்தான் நன்றாக வேலை செய்தன. மருந்து மாத்திரைகள் பின்தங்கின. படுத்தே இருந்தால் தசை கரையும், தசை கரைந்தால் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் மறுபடி படுக்கத் தோன்றும். இந்த வட்டத்தை நடையால் உடைக்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் தெருமுனை, அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்ட், அந்த மாதிரி.

மார்பக ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னொரு தடை உத்தரவும் உண்டு: அந்தக் கையால் குடம் தூக்காதே, தார் சுற்றாதே, வாழ்நாள் முழுக்க. அக்குளில் நெறிக்கட்டி எடுத்துவிட்டால் கை வீங்கும் அபாயம் உண்மைதான். ஆனால் வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களுக்கு அமெரிக்காவில் மெதுவாக, படிப்படியாக, ஆள் பக்கத்தில் இருந்து எடை தூக்கப் பழக்கினார்கள். 2009இல் வந்த முடிவு: எடை தூக்கியதால் வீக்கம் கூடவில்லை. சொல்லப்போனால் வீக்கம் திடீரென்று மோசமானது, தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு, தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். அதற்காக நாளைக்கே 20 லிட்டர் கேனைத் தூக்கச் சொல்லவில்லை. அரைக் கிலோவிலிருந்து, பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு. தறி வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் கை வேலை என்பது வெறும் வேலை இல்லை. அதை வாழ்நாளுக்கும் பிடுங்கிவிட்டு "மனசை விடாதே" என்றால் எப்படி?

யோகா பற்றிப் பேசும்போது எல்லோரும் மேற்கோள் காட்டும் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் சென்டரும் பெங்களூர் விவேகானந்தா யோகா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, 2014இல் வெளிவந்தது. (பெங்களூர்ப் பக்கத்துப் பெரியவர் நாகேந்திரா ஒரு காலத்தில் நாசாவில் வேலை பார்த்த மெக்கானிக்கல் இன்ஜினியர். எங்கள் இனம்!) ரேடியேஷன் எடுக்கும் பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். 53 பேருக்கு யோகா, 56 பேருக்குச் சாதாரணமாகக் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி, 54 பேருக்கு எதுவும் இல்லை. வாரம் மூன்று நாள், ஆறு வாரம். அசதி முதல் இரண்டு குழுவுக்கும் குறைந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் யோகா குழுவுக்கு மற்ற இருவரை விடவும் நன்றாக இருந்தது, ஆறு மாதம் கழித்தும். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டும். அந்த இறக்கம் யோகா செய்தவர்களுக்குத்தான் சீராக இருந்தது. ஆனால் செய்திகளில் வராத ஒரு வரி கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கிறது: மன நலத்திலும் தூக்கத்திலும் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. யோகாவை மனசுக்கென்று செய்தார்கள், பலன் உடம்பில் தெரிந்தது. வேறு பல ஆய்வுகளில் மனசுக்கும் நல்லது என்று வந்திருக்கிறது. 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தியானம் சார்ந்த பயிற்சி, யோகா, இசை, தளர்வுப் பயிற்சி இதையெல்லாம் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆய்வையும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.

ஆயுளைப் பற்றி ஆரம்பத்தில் கை விரித்தேன் அல்லவா? அங்கே ஒரு திருப்பம். பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருஷம் முறையான உடற்பயிற்சித் திட்டம், மறு பாதிக்கு ஆரோக்கியக் கையேடு மட்டும் என்று ஒரு சோதனை. 2025 ஜூனில் முடிவு வந்தது. எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் உடற்பயிற்சிக் குழுவில் 90.3 சதவீதம், மற்றதில் 83.2. பெருங்குடல் புற்றுக்கு மட்டும், குறிப்பிட்ட கட்டத்துக்கு மட்டும் பொருந்துகிற முடிவு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. 40 வருஷமாக எல்லோரும் நல்ல எண்ணத்தில் தேடிய பொருள், வேகமாக நடப்பதில் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டும். சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டு 2018இல் ஒரு கட்டுரை வந்தது. முதல் குழுவினர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். இதைப் படித்த பிறகு, மூச்சுப் பயிற்சியில் கட்டி கரைந்த ஃபார்வர்டு வந்தால் நான் பதில் போடாமல் விடுவதில்லை. குடும்ப குரூப்பில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கி 1929இல் புத்தகமாகப் போட்ட தசைத் தளர்வுப் பயிற்சி. கட்டிலில் படுத்தபடியே செய்யலாம். பாதத்தை ஐந்து விநாடி இறுக்குங்கள், சட்டென்று விடுங்கள், பத்து இருபது விநாடி அந்த விட்ட உணர்வைக் கவனியுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம். தளர்வு என்றால் என்ன என்று தசைக்குத் தெரியாது. இறுக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் வித்தியாசம் தெரியும் என்பது அவருடைய யோசனை. வலி உள்ள இடத்தை இறுக்க வேண்டாம், அதைத் தாண்டிப் போய்விடலாம். முடிந்ததும் மூச்சு: மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும், அதைக் கையில் நாடி பிடித்தே பார்க்கலாம். ஆஸ்பத்திரி போகும் நாளில் பஸ்ஸில் உட்கார்ந்து செய்வதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகியிருக்க வேண்டும். பதற்றம் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

கவனிக்க வேண்டியவை: எலும்பில் பரவியிருந்தால் முன்பக்கம் குனிவது, முறுக்குவது, தலைகீழ் ஆசனம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. முதுகெலும்பு முறியலாம். ரத்தத் தட்டணு குறைவாக இருக்கும் நாட்களில் அடிபடுகிற மாதிரியான எதுவும் வேண்டாம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்குக் கபாலபாதி வேண்டாம். காய்ச்சல் என்றால் பயிற்சி இல்லை, ஆஸ்பத்திரி. யூடியூப் குரு இதைக் கேட்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

மனசுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் இல்லாத வழிகளும் ஊரில் இருக்கின்றன. கீமோவில் முடி கொட்டுவது பெண்களுக்கு எவ்வளவு பெரிய அடி என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. விக், தொப்பி, ஆலோசனை. எங்க பக்கம் திருத்தணியும் திருப்பதியும் கைக்கெட்டும் தூரம், மொட்டைத் தலையோடு ஒரு அம்மா தெருவில் நடந்தால் "வேண்டுதலா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியம்மா முதல் கீமோ முடிந்து, தலையணையில் முடி தெரிய ஆரம்பித்ததும் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். 365 படியும் ஏற முடியவில்லை, ஆட்டோவில்தான் மேலே போனார். நோய் பிடுங்குவதற்கு முன்னால் தானே கொடுத்துவிட்ட கணக்கு. பறிபோவதில் ஒன்றையாவது நம் முடிவாக ஆக்கிக்கொள்வது பெரிய ஆறுதல் என்பதை எந்த உளவியல் புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இதனால் நோய் குறைந்தது என்று அவரும் சொல்லவில்லை.

ஒரு பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மறைப்பது. "கட்டிதான், எடுத்துட்டாங்க" என்று சொல்லி ரேடியேஷனுக்குக் கூட்டிப்போவார்கள். வார்டு முழுக்க அதே நோய்க்காரர்கள், அவருக்கு மட்டும் தெரியாது என்று வீட்டார் நினைப்பார்கள். அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை வீட்டாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அழும். எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள விருப்பமிருக்காது. "எல்லா விவரமும் உனக்குச் சொல்லட்டுமா, இல்ல பெரியவன்கிட்ட சொன்னா போதுமா?" என்று ஒருமுறை அவரையே கேட்டுவிடலாம்.

புற்றுநோயாளிகளின் மனசை ஒரு தனி மருத்துவத் துறையாக ஆக்கியவர் நியூயார்க்கின் ஜிம்மி ஹாலண்ட் அம்மையார். 1977இலேயே ஒரு கேன்சர் மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவைத் தொடங்கியவர். நம்மிடம், 1923இல் சகோதரியைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனையில் இன்றைக்கு உளவியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே சிகிச்சை எடுப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்கலாம். வலி, மூச்சுத்திணறல், பயம் இவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் வலி தணிப்புச் சிகிச்சையையும் கேட்டு வாங்குங்கள். அதைக் 'கைவிட்டுட்டாங்க' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முற்றிய நுரையீரல் புற்று உள்ள 151 பேருக்கு 2010இல் வந்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே அதைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் மனச்சோர்வு 16 சதவீதம், கொடுக்காதவர்களில் 38. ஆயுளும் 8.9 மாதத்திலிருந்து 11.6 ஆகியிருந்தது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. கவனித்துக்கொள்கிற மகளோ மருமகளோகூடப் பேசலாம். அவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடிய அளவீடு ஒன்று இருக்கிறது. ஜுரமானி மாதிரி, மன வேதனைக்கு ஒரு மானி. 1998இல் நியூயார்க்கில் முதலில் பயன்படுத்தியது, இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. கருவி எதுவும் கிடையாது, ஒரே கேள்விதான்: "பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும், இந்த ஒரு வாரமா மனசுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு?" நான்கு, அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் நம்மவர்கள் "நல்லாதான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள், எண் கேட்டால் யோசித்துச் சொல்கிறார்கள். நாங்கள் தினத்தாள் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை மட்டும் கிழிக்காமல் எடுத்து வைத்து, அதன் பின்பக்கம் அந்த எண்ணையும் எதனால் என்று ஒரு வார்த்தையும் எழுதினோம். வலி, தூக்கம், பணம், சின்னவன் கல்யாணம், ஊசி. அந்தத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு போனால், இரண்டு நிமிஷம் மட்டுமே கிடைக்கிற டாக்டர்கூட அதைப் புரட்டிப் பார்க்கிறார்.